கேசாதிபாதம்: முடி முதல் அடி வரை ஒரு வாசகி

உங்கள் காது கத்தரிக்கோலின் கைப்பிடி மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வீர்களா? பாதம் களைத்துப்போன நாயின் நாக்கு மாதிரி இருக்கிறது என்றால்? முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். உரையைப் புரட்டிப் பார்த்தால் பிழையே இல்லை. நாய்தான், நாக்குதான். பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் ஒரு பாடினியின் அழகை முடத்தாமக்கண்ணியார் அப்படித்தான் பாடுகிறார். பாராட்டாகத்தான் பாடுகிறார்.

பெண்ணின் அழகைத் தலைமுடியில் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பாக இறங்கிவந்து, பாதத்தில் முடிக்கும் வருணனைக்குக் கேசாதிபாதம் என்று பெயர். கேசம் முடி, ஆதி தொடக்கம். கீழிருந்து மேலே போனால் அது பாதாதிகேசம். மனிதரை முடியிலிருந்தும் தெய்வத்தை அடியிலிருந்தும் பாடவேண்டும் என்பது வடமொழி மரபு. கம்பராமாயணத்தில் சீதையைத் தேடிப் போகும் அனுமனுக்கு இராமன் அடையாளம் சொல்வது பாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. கம்பருக்குச் சீதை திருமகள், எனவே அதில் வியப்பில்லை. ஆனால் அத்தனை உவமைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு ஒரு கூட்டத்தில் ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அனுமன் என்பதால் முடிந்திருக்கலாம்.

இலக்கியம் பிடிக்கும், ஆனால் இந்த இடம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன் என்று சொல்லும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் தள்ளியவள்தான். இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தபிறகு தள்ள மனம் வரவில்லை.

அந்தப் பாடினியையே எடுத்துக்கொள்வோம். ஆற்று மணலில் நீர் வரிவரியாக விட்டுப்போகுமே, அந்த அறல் போன்ற கூந்தல். பிறை போன்ற நெற்றி, வில் போன்ற புருவம், குளிர்ந்த கண், இலவம்பூவின் இதழ் போன்ற வாய், முத்துப் போன்ற பல். இதுவரை எல்லாம் நமக்குப் பழகியவைதான். அடுத்துக் காது: 'மயிர்குறை கருவி மாண்கடை அன்ன'. மயிரைக் குறைக்கும் கருவி கத்தரிக்கோல். அதன் கடைப்பகுதி, விரல் நுழைக்கிற வளையம். கனமான குழை ஊசலாடும்படி வளர்த்துவிட்ட காது எப்படித் தொங்கும் என்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அப்புறம் மூங்கில் தோள், காந்தள் விரல், கிளியின் வாய் போன்ற நகம். இப்படியே இறங்கி இறங்கி அடிக்கு வந்தால் 'வருந்துநாய் நாவிற் பெருந்தகு சீறடி'.

உவமை எதை வைத்துக்கொண்டு இரண்டு பொருளை ஒன்றாக நிறுத்துகிறது என்பதற்குத் தொல்காப்பியம் நாலு வழி சொல்கிறது: 'வினை பயன் மெய் உரு'. புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல் ஒத்துப்போகிறது, அது வினை. மழை போல வாரி வழங்கினான் என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் வடிவம், அதுதான் மெய். பவளம் போன்ற வாய் என்றால் நிறம், அது உரு. இந்த நாலும் கையில் இருந்தால் எந்த வருணனையும் மிரட்டாது. கத்தரிக்கோல் காது வடிவத்தால் வந்தது. நாயின் நாக்கு வடிவம், நிறம் இரண்டாலும் வந்தது: மெலிந்தது, மெத்தென்றது, சிவந்தது. அந்த மூன்றை எடுத்துக்கொண்டு மிச்ச நாயை அப்படியே விட்டுவிடவேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்பது வாசிப்பவர் வேலை. புலவர் பாதி வேலைதான் செய்து தருவார்.

சரி, ஏதாவது ஒரு நாயின் நாக்கு என்று சொல்லியிருக்கலாமே, ஏன் வருந்துகிற நாய்? விடை அடுத்த வரிகளில் இருக்கிறது. உருக்கிய அரக்குப் போன்ற செம்மண் நிலத்தில் அவள் நடந்து வந்திருக்கிறாள். பரல்கல் குத்திக் குத்தி, மரல் பழுத்ததுபோல் காலில் நீர்க்கொப்புளங்கள். உச்சிவெயிலில் நடக்க முடியாமல் நடையை நிறுத்திக்கொள்கிறாள். அவளும் களைத்திருக்கிறாள், நாயும் களைத்திருக்கிறது. அறல் கூந்தல், பிறை நெற்றி என்று மயக்கிக்கொண்டே வந்த பட்டியல், வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராக நடக்கிற ஒரு கலைஞியின் கொப்புளித்த காலில் வந்து நிற்கிறது. எனக்கு அந்தப் பாட்டு மொத்தமும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையிலும் ஆடிப்பாடும் விறலியரின் பாதத்துக்கு இதே நாய் வருகிறது, 'உயங்குநாய் நாவின்' என்று. நடந்து பிழைக்கிறவர்களைப் பாடும்போது காலை மறைக்க முடியாது போலிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பாடினிக்குச் சற்று முன்னால் அதே பாட்டில் யாழ் வருணிக்கப்படுகிறது. யாழின் மேல் போர்த்திய தோலை இணைத்துத் தைத்த தையல், இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர் போல் இருக்கிறதாம். யாழ் மொத்தத்தில் ஒப்பனை செய்த மணப்பெண் போல் இருக்கிறதாம். கருவியைப் பெண்ணாக்கிப் பாடி முடித்த கையோடு பெண்ணைப் பாடத் தொடங்குகிறார். இதைப் படிக்கும்போது எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி: எவ்வளவு நுட்பமான கண் என்ற வியப்பு, யாழும் அவளும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்களே என்ற நெருடல். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தால் நெருடலுக்குக் காரணம் தெரியும். ஆற்றுப்படை என்பது, பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வறுமையில் இருக்கும் இன்னொரு கலைஞனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்வது. இங்கே வள்ளல் கரிகாலன். பேசுகிறவன் ஆண், வழி கேட்கிறவன் ஆண், பாடப்படும் அரசனும் ஆண். 248 அடியில் பாடினி பாடுகிறாள், நடக்கிறாள், முத்துமாலை பெறுகிறாள். தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை.

பின்னால் இந்த முறைக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு சின்ன இலக்கணச் செய்தி போதும். கயல் போன்ற விழி என்பதில் இருக்கும் 'போன்ற' என்பதற்கு உவம உருபு என்று பெயர். அதை எடுத்துவிட்டால் கயல்விழி, அது உவமைத்தொகை. 'போல' என்று சொல்லும்போது புலவர் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: கண் வேறு, மீன் வேறு, நான்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். உருபு மறையும்போது அந்த ஒப்புதலும் மறைகிறது. தொகை சங்கப் பாடல்களிலேயே ஏராளம், அதில் குற்றமில்லை. ஆனால் ஆயிரம் பேர் ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்தபிறகு கயல்விழியில் மீனும் தெரியாது, கண்ணும் தெரியாது. மிஞ்சுவது ஓர் அளவுகோல். இடை என்றால் கொடி, பல் என்றால் முத்து, நடை என்றால் அன்னம். கத்தரிக்கோலைப் பார்த்த கண் அங்கே இல்லை, முந்தைய புலவரைப் பார்த்த கண்தான் இருக்கிறது. நாலாவது காப்பியத்தில் நாலாவது கொடியிடை வரும்போது எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அளவுகோல் வயதையும் விடவில்லை. தலைவன் வீதியில் பவனி வர, பார்த்து மயங்கும் பெண்களை ஏழு பருவமாகப் பிரித்துப் பாடுவது உலா. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு வயதும் வகுத்தன. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறினாலும் பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் பேதைக்கு 5 முதல் 7, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. அதோடு சரி. 40க்கு மேல் பெயரே கிடையாது. நான் அந்த எல்லையைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மரபுப்படி என்னை இனி யாரும் வருணிக்கப்போவதில்லை, உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்கலாம்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சங்கப் பாடல்களில் அழகான மேனிக்கு அடிக்கடி வரும் சொல் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகள் விளக்குகின்றன. காதலன் பிரிந்துபோனால் அந்த நிறம் போய் மேனி வெளிறிவிடும். அந்த வெளிறலுக்குப் பசலை என்று பெயர். அதாவது நிறம் வெளுப்பது அங்கே நோய். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆனது 2020-ல். இடைப்பட்ட 45 ஆண்டுகளில் அந்தக் குழாயைப் பிதுக்கிய நம்மில் பலருக்கு, தளிர் நிறத்துக்கு ஏங்கிய பாட்டுகள் நம் மொழியிலேயே இருப்பது தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்காகச் சங்ககாலம் பெண்ணை எந்த அளவுகோலிலும் நிறுத்தவில்லை என்று சொல்லிவிட முடியாது. கோல் வேறு, அவ்வளவுதான்.

மாமையைப் பற்றிய பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது குறுந்தொகையின் 27-ஆம் பாட்டு. பாடியவர் வெள்ளிவீதியார், பெண். நல்ல பசுவின் இனிய பால் கன்றுக்கும் கிடைக்காமல், கறக்கும் கலத்திலும் விழாமல், மண்ணில் கொட்டிப்போனால் எப்படியிருக்கும்? அப்படித்தான் 'எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது' என் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறது என்கிறாள் தலைவி. என்னை என்றால் என் தலைவன். அவனுக்கு உதவவில்லை என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் 'எனக்கும் ஆகாது'. தன் அழகு தனக்கும் பயன்படவேண்டிய பொருள் என்று ஒரு பெண் இவ்வளவு இயல்பாகச் சொல்லியிருக்கிறாள். பல முறை படித்தும் அந்த வரிசையை நான் கவனித்ததில்லை. கவனித்த நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

பெண் எழுதும்போது கண் வேறெங்கோ போகிறது என்பதற்கு இன்னும் சாட்சிகள் உண்டு. புறநானூறு 278-இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதிய தாயைக் காட்டுகிறார்: 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள், முளரி மருங்கின் முதியோள்'. பாடினிக்கு மூங்கில் தோள் என்று பார்த்தோமே, இங்கே நரம்பு புடைத்து வற்றிய தோள். அதே உறுப்பு, அதே மரபுச் சொல். உலாவின் ஏழு பருவத்திலும் இடமில்லாத கிழவி அவள்.

சில நூற்றாண்டுகளுக்குப் பின் காரைக்கால் அம்மையார் இதையே கடைசி எல்லைக்குக் கொண்டுபோகிறார். கணவன் அஞ்சி விலகியபின், இனி அவனுக்காகத் தாங்கிய இந்த வனப்பு எனக்கு வேண்டாம், கழித்துப் பேய்வடிவம் தா என்று அவர் இறைவனிடம் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவரே பாடிய திருவாலங்காட்டுப் பதிகம் இப்படித் தொடங்குகிறது: 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பல் குழிவயிற்று'. வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழிந்த கண், குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட பற்கள், உயர்ந்த பரடு, நீண்ட கணைக்கால். பரடு என்பது கணுக்கால் மொட்டு. உறுப்பு உறுப்பாகப் போகும் அதே பட்டியல்தான், ஆனால் மயங்க வருகிறவன் அலறி ஓடுவான். கேசாதிபாதத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரால்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். 'நரம்பெழுந்து' என்ற சொல் இந்த இரண்டு பெண்களிடமும் வருகிறது பாருங்கள்.

ஆண்டாள் வேறு வழியில் போகிறாள். அவள் பார்க்கப்படுகிறவளாக உட்கார்ந்திருக்கவில்லை, பார்க்கிறாள். 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ, திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித்திருக்குமோ' என்று கண்ணனின் வாயைப் பற்றிச் சங்கிடம் விசாரிக்கிறாள். பவளவாய் இப்போது அவனுக்கு.

இங்கே ஒரு போலி நண்பனைப் பற்றியும் சொல்லவேண்டும். முல்லை மொட்டு, முத்து என்று பல்லைப் புகழ்ந்து பிதற்றுகிறார்களே, சுடுகாட்டில் உதிர்ந்து கிடக்கும் பல்லைப் பார்த்தவன் நான் என்கிறது நாலடியார். அழகு வருணனையைக் கிண்டல் செய்வதால் இது நம் பக்கம் என்று தோன்றும். இல்லை. இதைச் சொல்கிறவனும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் துறவிதான். அவன் தப்பிக்கவேண்டும், அதற்கு அவள் எலும்பாக வேண்டும். அதே நூலில் 'கல்வி அழகே அழகு' என்ற வரியும் இருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் நல்லெண்ணத்தோடு இதைச் சொல்கிறோம். ஆனால் கல்வியை அழகு என்று சொல்லும்போதே அதையும் யாரோ பார்த்து மெச்சவேண்டிய நகையாக்கிவிடுகிறோமோ என்று எனக்கு ஐயம். நான் படிப்பது என்னை யாருக்கும் அழகாகக் காட்ட இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, படிக்கிறேன்.

பள்ளியில் ஒரு நாள் ஆசிரியர் இப்படி ஒரு வருணனைப் பாட்டை நடத்தி முடித்துவிட்டு, எங்களை ஒரு சுற்றுப் பார்த்து, "இங்க ஒருத்தியும் தேறமாட்டீங்க போலிருக்கே" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்பது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. பாட்டைப் படிக்கும்போது நான் பாட்டுக்குள் இருக்கும் அவளோடு நிற்கவில்லை, அவளைப் பார்ப்பவனோடு போய் நின்றுகொண்டேன். அங்கே நின்று என்னையே பார்த்தால் சிரிப்புத்தானே வரும். அமெரிக்கத் திறனாய்வாளர் ஜூடித் ஃபெட்டர்லி 1978-இல் வெளிவந்த தன் நூலில் இதைத்தான் பேசினார்: பெண் வாசகி ஆணின் இடத்தில் நின்று வாசிக்கப் பழக்கப்படுகிறாள், அவள் எதிர்த்து வாசிக்கும் வாசகியாகவேண்டும். அவர் பேசியது அமெரிக்கக் கதைகளைப் பற்றி. என் வகுப்பறைக்கும் அது அப்படியே பொருந்தியது.

எதிர்த்து வாசிப்பது என்றால் புத்தகத்தைத் தூக்கி எறிவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்வது இவ்வளவுதான். ஒரு வருணனை வந்தால் முதலில் யாருடைய கண் என்று பார்ப்பேன். அடுத்து, உவமை புதிதாகக் கண்டு எழுதியதா, கடன் வாங்கியதா. கத்தரிக்கோல் என்றால் நின்று ரசிப்பேன், கொடியிடை என்றால் நடையைக் கட்டுவேன். அப்புறம் அந்தப் பெண் பேசுகிறாளா, பேசினால் தன் உடம்பைப் பற்றி என்ன சொல்கிறாள். பேசவில்லை என்றால் அவள் காலைப் பார்ப்பேன். நடந்த கால் எதையாவது சொல்லும். கண்ணாடியை மட்டும் பார்க்கமாட்டேன். உவமையில் நிற்பது அவளும் அறலும் மூங்கிலும், அந்த வரிசையில் எனக்கு இடம் தேடுவானேன்?

நம் காலத்தில் பெண்கள் உடம்பைத் தாங்களே எழுத வந்தபோது கலவரம்தான் நடந்தது. குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002-இல் வந்தது. அந்தத் தலைப்புக்காகவே எத்தனை கண்டனம். கேசாதிபாதத்தில் நூற்றாண்டுக்கணக்காகப் புழங்கிய உறுப்பு அது, கோங்கரும்பு, செப்பு என்று எத்தனை உவமை கண்டது. பெண் தன் உடம்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து அட்டையில் வைத்ததும்தான் சிலருக்குக் கூச்சம் வந்தது.

தொடங்க விரும்புகிறவர்கள் பொருநராற்றுப்படையின் 25-ஆம் அடியில் தொடங்கிக் கொப்புளம் வரை வாய்விட்டுப் படியுங்கள். மொத்தம் இருபது அடிக்குச் சற்றுக் கூடுதல்தான், உரையோடு அரைமணி நேரம் ஆகும். மரல் என்றால் என்ன என்று தேடியபோது, இப்போது மருள் என்று சொல்கிறார்களே, கத்தி போன்ற தடித்த இலையும் வரியுமாக, நார் எடுக்கும் செடி, அதுதான் என்று தெரிந்தது. செடியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பழுத்து நான் பார்த்ததே இல்லை. இப்போதெல்லாம் எங்கே அதைக் கண்டாலும் குனிந்து இலைகளுக்கு நடுவே தேடுகிறேன்.